இங்கிலாந்துப் பீங்கானில் கையால் வண்ணம் தீட்டும் தொழில்: புதிதாக வருபவருக்கு முதல் ஓராண்டு வழிகாட்டி

பீங்கான் ஆலைகளுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் நகருக்குக் குடிவந்த புதிதில், பழைய சாமான் கடை ஒன்றில் கையால் ரோஜா தீட்டிய சாஸரைப் பார்த்தேன். இதழின் ஓரத்தில் தூரிகை போன தடம் அப்படியே தெரிந்தது. இதைக் கற்றே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் நான் தீட்டிய முதல் கப்பை விலைக்கு விற்க ஒன்றரை வருடம் ஆனது. அதில் தூரிகை பழகியது ஐந்து மாதம்தான். மீதி நாளெல்லாம் சூளை தேடியும், தப்பான சூட்டில் சுட்டுக் கெடுத்தும், எந்தக் காகிதத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமலும் போயின. கோலமும் தஞ்சாவூர் ஓவியமும் பழகிய நல்ல கைகள் இங்கே வந்து அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வரிசை இதுதான்: விசா, சூளை, சோதனை, அப்புறம்தான் ரோஜா. இதைத் தலைகீழாகச் செய்தால் பணமும் போகும், மனமும் உடையும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். கடையில் பளபளவென்று வெள்ளையாகக் கிடைக்கும் போன் சைனா எனும் எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான் ஏற்கெனவே இரண்டு முறை சூளை கண்டது. முதல் முறை 1,240 டிகிரி செல்சியஸை ஒட்டி வெறும் களிமண் உடலாக. அடுத்தது கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சோடு 1,080 டிகிரியை ஒட்டி. அதன்மேல் எனாமல் வண்ணம் தீட்டி, 750 முதல் 850 டிகிரிக்குள் மூன்றாவது, நான்காவது முறை சுடுவதுதான் நம் வேலை. அந்தச் சூட்டில் போன் சைனாவின் கிளேஸ் லேசாக இளகி, வண்ணத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். இங்கிலாந்துப் பீங்கானில் வண்ணம் மெத்தென்று உள்ளே இருப்பதுபோல் தெரிவதற்கு இதுவே காரணம். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் செய்யும் கடினப் பீங்கானின் கிளேஸ் அந்தச் சூட்டுக்கு அசையாது, வண்ணம் மேலேயே நிற்கும். ஆகவே அந்தப் பீங்கானுக்குச் சொல்லும் சூட்டு அளவையும் வண்ணக் கனத்தையும் போன் சைனாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1. விசா எதை அனுமதிக்கிறது என்று பாருங்கள்

மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது. ஒரு கப்பைத் தீட்டிச் சந்தையில் விற்பதும் சுயதொழில்தான். "பொழுதுபோக்குக்குத்தானே" என்று நினைத்து இணையக் கடை திறந்துவிடாதீர்கள், விசாவுக்கே ஆபத்து. கற்பதற்கும், வரைந்து வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் தடை இல்லை. படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறினால் சுயதொழில் செய்யலாம். ஸ்கில்டு ஒர்க்கர் விசாக்காரரின் கணவனோ மனைவியோ துணைவர் விசாவில் இருந்தாலும் செய்யலாம், நான் தொடங்கியது அப்படித்தான். ஸ்கில்டு ஒர்க்கர் விசா உங்கள் பெயரிலேயே இருக்கிறது என்றால், பக்க வேலைக்கான விதி கடுமையானது. பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் எழுத்தில் பதில் வாங்காமல் எதையும் விற்காதீர்கள்.

ஊரில் இருந்துகொண்டு இந்த வேலைக்கு ஸ்பான்சர் தேடுபவர்களுக்கும் சொல்கிறேன். 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. பீங்கான் ஆலையில் வண்ணம் தீட்டுபவரின் சம்பளம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இந்த வேலைக்கு விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எந்த ஆலைக்குப் போனாலும் வேலை செய்யும் உரிமைக்கான ஷேர் கோடு கேட்பார்கள். இணையத்தில் எடுத்தால் 90 நாள் செல்லும். தேசியக் காப்பீட்டு எண்ணையும் கையில் வைத்திருங்கள்.

2. விளம்பரத்தில் "செராமிக் டெக்கரேட்டர்" என்றால் என்ன வேலை என்று கேளுங்கள்

நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். ஓர் ஆலையின் விளம்பரத்தில் "டெக்கரேட்டர் தேவை" என்று பார்த்து, நான் வரைந்த பூக்களை எல்லாம் அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த வேலை அச்சிட்ட படத்தை ஒட்டுவது. தண்ணீரில் ஊறவைத்த டிரான்ஸ்ஃபரைத் தட்டில் நழுவவிட்டு, ரப்பர் பட்டையால் அடியில் உள்ள நீரையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். அதுவும் திறமையான வேலைதான். ஒரு குமிழி உள்ளே நின்றுவிட்டால் சூளையில் அந்த இடம் வெடித்துப் பொத்தலாகும். ஆனால் நான் தேடிப் போனது அது இல்லை.

ஆலைகளில் அலங்காரப் பிரிவு என்றால் இவை எல்லாம் சேர்ந்ததுதான்: டிரான்ஸ்ஃபர் ஒட்டுவது, விளிம்புக் கோடு போடுவது, பொன் தீட்டுவது, அச்சடித்த கோட்டுக்குள் கையால் வண்ணம் நிரப்புவது, பஞ்சால் ஒற்றி எடுப்பது. வெறும் வெள்ளைத் தட்டில் முழுக்கக் கையாலேயே தீட்டும் இடங்கள் மிகக் குறைவு. அதற்காக ஆலை வேலையை ஒதுக்கச் சொல்லவில்லை. விளிம்புக் கோடும் பொன் வேலையும் ஆலையில் கற்றால்தான் கை நிற்கும். மாதம் தவறாமல் சம்பளமும் வரும். நேர்காணலுக்குப் போகும் முன் தொலைபேசியில் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஒட்டும் வேலையா, தூரிகை வேலையா?"

சம்பளக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. முறையான அப்ரெண்டிஸ் ஒப்பந்தத்தில் முதல் ஆண்டில் இருப்பவருக்கு அப்போது 7.55 பவுண்டு. ஒவ்வொரு ஏப்ரலிலும் இது மாறும். "பயிற்சிக் காலம்" என்று வாயால் மட்டும் சொல்லி அப்ரெண்டிஸ் கூலி தர முடியாது, கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும்.

3. சூளைக்கு வழி செய்துகொண்ட பிறகே வண்ணம் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணமும் தூரிகையும் வாங்கி, இருபது தட்டு தீட்டி அடுக்கிவிட்டு, சுட இடமில்லாமல் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். சுடாத வண்ணத்தில் தூசு ஒட்டும், விரல் பட்டால் அழியும். பிறகு ஒரு மண்பாண்டப் பட்டறையில் சுட்டுத் தர ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் வழக்கமாகச் சுடுவது 1,000 டிகிரிக்கு மேல். எனக்காகத் தனியாகச் சூளை வைக்க முடியாது என்று வேறொருவரின் பொன் வேலையோடு சேர்த்து 730 டிகிரியில் வைத்தார்கள். என் ரோஜாக்கள் எல்லாம் செங்கல் தூள் நிறத்தில் வெளியே வந்தன. பொன்னிலிருந்து செய்யும் இளஞ்சிவப்பு, சூடு போதாவிட்டால் பழுப்படிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. தவறு என்னுடையது, என்ன சூடு வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கவே இல்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வாடகைச் சூளை. பட்டறையைத் தேடும்போது "எனாமல் சூடு, 850 டிகிரிக்குக் கீழ் சுடுவீர்களா, மாதத்தில் எத்தனை முறை?" என்று கேளுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று முறை சூளை வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மாதம் ஒருமுறை மட்டும் எனாமல் சுடும் பட்டறையில் ஒரு தட்டு முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இரண்டாவது, வண்ணம் தீட்டும் குழுவில் சேர்வது. சமூகக் கூடங்களில் வாரம் ஒரு நாள் கூடும் குழுக்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. பெரும்பாலும் வயதான பெண்மணிகள். அவர்களில் ஒருவரிடம் கட்டாயம் சிறு சூளை இருக்கும். எனக்கு வாசல் திறந்தது அங்கேதான். வகுப்புக் கட்டணமும் குறைவு, கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்லித் தருவார்கள்.

மூன்றாவது, சொந்தச் சூளை. வீட்டின் 13 ஆம்பியர் பிளக்கில் சொருகும் சிறிய சூளை ஏறத்தாழ 3 கிலோவாட் வரைதான் இழுக்கும். இரண்டு மூன்று தட்டும் சில கப்பும் கொள்ளும், தொடங்க இது போதும். எக்ஸ்டென்ஷன் கார்டில் ஒருபோதும் சொருகாதீர்கள். இதைவிடப் பெரிய சூளைக்குத் தனி மின்சுற்று இழுக்க வேண்டும். வீட்டில் புதுச் சுற்று இழுப்பது கட்டட விதிகளின்படி அறிவிக்க வேண்டிய வேலை. பதிவு பெற்ற எலக்ட்ரீசியனிடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதியும், வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவலும் கட்டாயம். நான் வாங்கியது பழைய சூளை, 380 பவுண்டு. சூட்டைக் கட்டுப்படுத்தும் புதுக் கன்ட்ரோலர் போட இன்னொரு 150 ஆனது. பழையது வாங்குவதாக இருந்தால், விற்பவர் எதிரிலேயே 800 டிகிரி வரை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

4. முதல் கொள்முதலைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்

வண்ணம் தூளாக வரும். உலோக ஆக்சைடும், அதை உருக்கிக் கிளேஸோடு சேர்க்கும் கண்ணாடித் தூளும் கலந்தது. முதலில் ஆறு போதும்: ஒரு பொன் இளஞ்சிவப்பு, ஒரு இரும்புச் சிவப்பு, ஒரு மஞ்சள், இரண்டு பச்சை, ஒரு சாம்பல். ஒவ்வொன்றும் ஈயமில்லாத வகைதானா என்று கேட்டு, பாதுகாப்புத் தரவுத்தாளையும் சேர்த்து வாங்குங்கள். அந்தத் தாள் 9-ஆம் படியில் தேவைப்படும்.

இறந்துபோன ஓவியரின் பெட்டி என்று ஏலத்தில் நூறு கண்ணாடிக் குப்பிகள் மலிவாக வரும். பார்க்க அவ்வளவு அழகு, எனக்கும் ஆசை வந்தது. பழைய எனாமல் வண்ணங்களில் ஈயம் இருப்பது சாதாரணம், லேபிளில் எழுதியிருக்காது. அதைத் தொட வேண்டாம்.

சிவப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காட்மியம் செலினியம் சிவப்பு கண்ணைப் பறிக்கும். ஆனால் மற்ற வண்ணங்களோடு கலந்தால் கறுத்துவிடும். முதல் வருடம் இரும்புச் சிவப்போடு நில்லுங்கள்.

தூரிகைக்கு ஆலைக்காரர்கள் இன்னும் "பென்சில்" என்றே சொல்வார்கள். விளம்பரத்தில் அந்தச் சொல் வந்தால் குழம்ப வேண்டாம். அணில் முடியில் நடுத்தரத் தட்டைத் தூரிகை இரண்டு, இலைக்கு உருண்டை ஒன்று, கோட்டுக்கு நீள முடி லைனர் ஒன்று. இவற்றோடு ஒரு பேலட் கத்தி, வெள்ளை டைல்ஸ் நான்கு, சுத்தமான டர்பன்டைன், ஃபேட் ஆயில் எனும் கெட்டிப்பட்ட டர்பன்டைன், நுண்ணிய தூசைத் தடுக்கும் எஃப்.எஃப்.பி.3 முகக்கவசம். எனக்கு இவ்வளவுக்கும் சேர்த்து 140 பவுண்டு ஆனது.

வெள்ளைப் பாத்திரம் வாங்கும்போது, பழைய கடைத் தட்டின் மலிவு விலைக்கு மயங்காதீர்கள். பயன்படுத்திய பாத்திரம் கீறல் வழியே ஈரத்தையும் எண்ணெயையும் குடித்திருக்கும். சூளையில் அது ஆவியாகி, கிளேஸில் கரும்புள்ளியும் கொப்புளமும் வரும். ஆலைக் கடையில் செகண்ட்ஸ் எனும் சிறு குறையுள்ள இரண்டாம் தரம் வாங்கிப் பழகலாம், விற்பனைக்கு முதல் தரமே வேண்டும். பில் வாங்கும்போதே உணவுத் தொடர்புக்கான இணக்க அறிவிப்பையும் கேளுங்கள் (அது என்ன என்று 9-ஆம் படியில் சொல்கிறேன்). இது எந்த நாட்டில் செய்தது என்றும் எழுத்தில் கேளுங்கள். வேறு நாட்டில் செய்த வெள்ளைத் தட்டில் நீங்கள் இங்கே தீட்டினால், "இங்கிலாந்தில் கையால் தீட்டியது" என்று மட்டும் எழுதுங்கள். இங்கிலாந்தில் செய்தது என்று எழுதினால் அது வாங்குபவரை ஏமாற்றுவது.

நம்மவர்களுக்கு விற்பதாக இருந்தால் இதையும் சொல்லுங்கள்: போன் சைனாவில் ஏறத்தாழ பாதி மாட்டெலும்புச் சாம்பல். சைவக் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்த பிறகு பூஜைக்கோ சாப்பாட்டுக்கோ வைக்க மாட்டார்கள். கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

5. வண்ணம் குழைக்கப் பழகுங்கள், இரண்டு வாரம்

டைல்ஸ் மேல் அரை டீஸ்பூன் தூள். நடுவில் குழி செய்து ஃபேட் ஆயில் மூன்று சொட்டு, பிறகு டர்பன்டைன் ஒரு சொட்டு. பேலட் கத்தியைப் படுக்கவைத்து வட்டமாக அரைக்க வேண்டும். முதலில் மணலை நெரிப்பதுபோல் கரகரவென்று சத்தம் வரும். பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கும். கத்தி நுனியில் எடுத்துத் தூக்கினால் வழியாமல், இளகின வெண்ணெய்போல நிற்க வேண்டும். சத்தம் முழுக்க அடங்காமல் தூரிகையைத் தொடாதீர்கள். அரைபடாத ஒரு துகள், சுட்ட பிறகு இதழ் நடுவே ஒட்டிய எறும்புபோல் நிற்கும்.

எண்ணெய் கூடினால் சூளையில் வண்ணம் சுருண்டு கொப்பளிக்கும். குறைந்தால் தூரிகை இழுக்காது. தீட்டி ஒரு மணி நேரம் கழித்து வண்ணம் இன்னும் ஈரமாய் மினுமினுத்தால் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம், துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். சுடும் முன் எத்தனை முறை வேண்டுமானாலும் துடைக்கலாம் என்பது இந்தக் கலையின் பெரிய வசதி.

தூள் காற்றில் பறக்க விடாதீர்கள். மேஜையை ஈரத் துணியால் துடையுங்கள், துடைப்பம் எடுக்காதீர்கள். சமையல் மேடையில் இந்த வேலை வேண்டாம். எண்ணெய் நனைந்த துணி தானே தீப்பிடிக்கக் கூடியது, மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு அன்றன்றே வெளியேற்றுங்கள்.

6. சோதனைத் தட்டு இல்லாமல் ஒரு பூவும் வேண்டாம்

உங்கள் வெள்ளைத் தட்டு எந்த வகையோ அதே வகையில் மூன்று செகண்ட்ஸ் தட்டு எடுங்கள். ஆறு வண்ணத்தையும் ஒவ்வொன்றிலும் மெல்லிசு, நடுத்தரம், கனம் என்று மூன்று பட்டையாகத் தீட்டுங்கள். முதல் தட்டை 740-லும், இரண்டாவதை 780-லும், மூன்றாவதை 810-லும் சுடுங்கள். கன்ட்ரோலர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் பக்கத்தில் சூட்டுக் கூம்பு வையுங்கள். 018 எண் கூம்பு ஏறத்தாழ 720 டிகிரியில் சாயும், 016 ஏறத்தாழ 790-ல் சாயும். என் சூளையில் கன்ட்ரோலர் 25 டிகிரி தள்ளிக் காட்டியது, கூம்பு வைத்திருக்காவிட்டால் எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

பிரித்துப் பார்த்தால் பாடம் கண்ணெதிரே கிடக்கும். இளஞ்சிவப்பு 740-ல் பழுப்பு, 780-ல் ரோஜா, அதற்கு மேல் ஊதாப் பக்கம் சாயும். இரும்புச் சிவப்பு அதற்கு நேர் எதிர்: குறைந்த சூட்டில் பளிச்சென்றும், 810-ல் வெளிறியும் போயிருக்கும். கனமான பட்டை சில இடத்தில் உரிந்திருக்கும். உங்கள் எண்கள் கொஞ்சம் மாறலாம், மூன்று தட்டையும் சுவரில் மாட்டிவையுங்கள்.

7. முதல் ரோஜா

டெர்பி நகர அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். வில்லியம் பில்லிங்ஸ்லி என்ற டெர்பி ஓவியர், பயிற்சிக்கு வந்த பையன்கள் பார்த்து வரைவதற்காகவே ரோஜாக்கள் தீட்டிய "பிரெண்டிஸ் பிளேட்" அங்கே இருக்கிறது. அவர் முறையைத்தான் நானும் பழகினேன். நல்ல ஆசிரியர் கிடைத்தாலும் இதைப் பார்த்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ரோஜாவின் முழு வடிவத்தையும் ஒரே கனத்தில் இளஞ்சிவப்பால் நிரப்புங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு காய்ந்த சுத்தமான தூரிகையை எடுத்து, வெளிச்சம் விழும் இதழில் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே இழுப்பில் வண்ணத்தைத் துடைத்து எடுங்கள். தூரிகையை உடனே துணியில் துடையுங்கள், அடுத்த இதழுக்குப் போங்கள். கீழிருந்து பீங்கானின் வெள்ளை எட்டிப் பார்க்கும், அதுதான் வெளிச்சம். வெள்ளை வண்ணம் தனியாக எதுவும் போடுவதில்லை. இரண்டாம் முறை அதே இடத்தில் தூரிகை பட்டால் இதழ் கலங்கிவிடும். ஒரு ரோஜாவுக்கு ஆறேழு இழுப்புகள், அவ்வளவுதான். தினமும் இருபது ரோஜா போட்டுத் துடைத்து, போட்டுத் துடைத்து, மூன்றாவது மாதம்தான் எனக்கு ஒன்று ரோஜாவாக வந்தது.

பழங்களும் நிலக்காட்சியும் பிடிக்கும் என்றால் உஸ்டர் நகரில் செவர்ன் தெருவில் உள்ள ராயல் உஸ்டர் அருங்காட்சியகம். ரிச்சர்ட் சீபிரைட்டின் பழங்களையும் ஹாரி டேவிஸின் நிலக்காட்சிகளையும் பார்க்காமல் இந்தத் தொழிலில் இருப்பது, தியாகராஜர் கீர்த்தனை கேட்காமல் பாட்டு கற்பதுபோல.

8. சூளை வரிசை

அதிகச் சூடு வேண்டியதை முதலிலும் குறைந்த சூடு வேண்டியதைக் கடைசியிலும் வையுங்கள். இளஞ்சிவப்பும் அடிப்பூச்சும் முதல் சூளை, 780-க்கு மேல். இரண்டாவதில் பச்சை, மஞ்சள், நிழல்கள். இரும்புச் சிவப்பு இருந்தால் அதற்கும் கீழே இறக்கி. பொன் எப்போதும் கடைசி, 720 முதல் 750. இந்த வரிசை மாறினால் முந்தைய வேலை கெடும்.

400 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்றுங்கள். மூடித் துளையைத் திறந்தே வையுங்கள், எண்ணெய் எரிந்து புகை வெளியேற வேண்டும். ஜன்னலும் திறந்திருக்கட்டும், அந்த அறையில் யாரும் இருக்கக் கூடாது. 400-க்குப் பிறகு துளையை மூடிவிட்டு மணிக்கு 150. மொத்தம் ஏறத்தாழ ஆறரை மணி நேரம். ஆற இன்னும் பன்னிரண்டு மணி நேரம். 100 டிகிரிக்குக் கீழ் வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள், ஆசையில் திறந்த அன்றைக்கு என் பெரிய தட்டு இரண்டாகப் பிளந்தது. ஒரு சூளைக்கு எனக்கு 10 முதல் 12 யூனிட் மின்சாரம் ஆகிறது.

பொன்னில் இரண்டு வகை. திரவப் பொன் சூளையிலிருந்தே பளபளவென்று வரும், மலிவு, சீக்கிரம் தேயும். பர்னிஷ் பொன் மங்கலாக வெளிவரும். மெல்லிய மணலாலோ அகேட் கல்லாலோ தேய்த்தால்தான் ஒளி வரும், விலையும் பல மடங்கு. கை பழகும்வரை பொன் வாங்காதீர்கள். பொன் இருக்கும் பாத்திரத்தில் "மைக்ரோவேவில் வைக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுங்கள்.

9. சாப்பாட்டுப் பாத்திரமா, சுவரில் மாட்டுவதா?

விற்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். உணவு படும் பீங்கானிலிருந்து ஈயமும் காட்மியமும் எவ்வளவு கசியலாம் என்று சட்ட வரம்பு உண்டு. 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில், 22 டிகிரியில், 24 மணி நேரம் ஊறவைத்து அளப்பார்கள். கப், கிண்ணம் போன்றவற்றுக்கு லிட்டருக்கு ஈயம் 4.0 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம். 25 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத தட்டுகளுக்குச் சதுர டெசிமீட்டருக்கு ஈயம் 0.8, காட்மியம் 0.07 மில்லிகிராம்.

பாத்திரத்தோடு எழுத்தில் இணக்க அறிவிப்பு போக வேண்டும். செய்தவர் பெயர், முகவரி, பொருளின் விவரம், தேதி, வரம்புக்குள் இருக்கிறது என்ற உறுதி, எல்லாம் அதில் இருக்கும். வெள்ளைத் தட்டு கொடுத்தவரின் அறிவிப்பு உங்களுக்குப் போதாது, அதன்மேல் வண்ணம் போட்டது நீங்கள். உள்ளாட்சியின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் (வணிகத் தரக் கண்காணிப்பு) அதிகாரி கேட்டால் சோதனை அறிக்கையும் காட்ட வேண்டும். எனக்கு ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்கு 70 பவுண்டு, அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு தட்டையும் அனுப்ப வேண்டியதில்லை. ஒரே வண்ணங்கள், ஒரே வெள்ளைத் தட்டு, ஒரே சூளை முறை என்று இருந்தால், அதில் அதிக வண்ணம் உள்ளதை அனுப்புங்கள். எதையாவது மாற்றினால் மறுபடி அனுப்புங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். தீட்டிய தட்டைப் பாதி வினிகரில் மூழ்கும்படி இரவு முழுக்க வையுங்கள். காலையில் மூழ்கிய பாதி மங்கியிருந்தால் சூடு போதவில்லை, ஆய்வகத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். மங்கவில்லை என்பதற்காக ஆய்வகத்தைத் தவிர்க்கவும் முடியாது.

கப்பில் வாய் படும் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டருக்கு வண்ணம் இல்லாமல் விடுங்கள். தட்டில் நடுவை விட்டு ஓரத்தில் மட்டும் தீட்டுங்கள். சோதனைக்குப் பணம் இல்லாத நாள்களில் நான் பூச்சாடியும் சுவர்த் தட்டும் மட்டுமே விற்றேன். "அலங்காரத்துக்கு மட்டும், உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று அடியில் சுட்டே எழுதினேன். காகித ஸ்டிக்கர் கழன்றுவிடும்.

10. வரி, காப்பீடு, பார்சல்

இங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. அந்த ஆண்டில் விற்ற மொத்தத் தொகை 1,000 பவுண்டைத் தாண்டினால் எச்.எம்.ஆர்.சி. எனும் வரித் துறையில் சுயதொழிலாளராகப் பதிய வேண்டும். கடைசித் தேதி அந்த வரி ஆண்டு முடிந்த பின் வரும் அக்டோபர் 5. லாபம் என்று நினைத்துவிடாதீர்கள், விற்பனைத் தொகையே கணக்கு. பத்து இலக்க யூ.டி.ஆர். எனும் வரி அடையாள எண் தபாலில் வரும், அதற்குச் சில வாரம் ஒதுக்குங்கள். கணக்கும் பணமும் ஜனவரி 31-க்குள். சூளை, வண்ணம், ஆய்வகம், எல்லா பில்லையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.

கைவினைச் சந்தைகளில் மேஜை பிடிக்கப் பொதுப் பொறுப்பு மற்றும் பொருள் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். வடக்கு அயர்லாந்துக்கோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கோ அனுப்புவதென்றால், 2024 டிசம்பர் 13 முதல் பொருளின் பாதுகாப்புக்கு அங்கே பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. முதல் வருடம் உள்ளூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல கூரியர்கள் பீங்கான் உடைந்தால் இழப்பீடு தருவதில்லை, நிபந்தனையைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

11. உதவித்தொகையும் ஆலைத் தேர்வும்

கைவினைப் பயிற்சிக்கு கியூ.இ.எஸ்.டி. (குயின் எலிசபெத் ஸ்காலர்ஷிப் டிரஸ்ட்) அறக்கட்டளை 18,000 பவுண்டு வரை உதவித்தொகை தருகிறது. பிரிட்டனில் வாழ்ந்து வேலை செய்பவராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் நல்ல புகைப்படங்கள், யாரிடம் என்ன கற்கப் போகிறீர்கள் என்ற திட்டம், செலவு விவரம், பரிந்துரை இவையெல்லாம் எடுபடும். என் கருத்து, முதல் வருடம் முடியாமல் விண்ணப்பிக்காதீர்கள். காட்ட வேலை இருக்க வேண்டும்.

ஆலையில் தேர்வு என்றால் பெரும்பாலும் ரோஜா போடச் சொல்ல மாட்டார்கள். சுழலும் மேடையில் தட்டை நடுவில் வைத்துத் தட்டித் தட்டி மையப்படுத்தி, ஓரத்தில் ஒரு கோடு போடச் சொல்வார்கள். தூரிகையை அசைக்காமல் பிடிக்க, தட்டு ஓடி வந்து கோடு தானே முடிய வேண்டும். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரும் முடிச்சு தெரியக் கூடாது. எத்தனை நேரத்தில் எத்தனை தட்டு என்றும் பார்ப்பார்கள். எனக்கு இரண்டாவது தேர்வில் இருபது தட்டு கொடுத்தார்கள், பதினேழு தேறின, வேலை கிடைத்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதம் தினமும் காலையில் அரை மணி நேரம் கோடு மட்டும் போட்டேன்.

12. அடியில் என்ன எழுதுவது

ஒவ்வொரு துண்டின் அடியிலும் உங்கள் பெயர் அல்லது குறி, ஆண்டு, ஒரு வரிசை எண். கறுப்பு எனாமலில் மெல்லிய தூரிகையால் எழுதி, கடைசிச் சூளையிலேயே சேர்த்துச் சுடுங்கள். டிரான்ஸ்ஃபர் ஒட்டி மேலே கொஞ்சம் தொட்டதற்கெல்லாம் "கையால் தீட்டியது" என்று எழுதாதீர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்தால் அச்சுப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்துவிடும், வாங்குபவர்கள் அந்த லென்ஸைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள்.

அதே எண்ணில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: வெள்ளைத் தட்டு எங்கே வாங்கியது, என்ன வண்ணம், எந்தச் சூளை, எத்தனை டிகிரி, கூம்பு எவ்வளவு சாய்ந்தது, எந்த ஆய்வக அறிக்கை. சென்ற மாதம் ஓர் அம்மா தன் ஆறு சாஸரில் ஒன்று உடைந்துவிட்டது, அதே ரோஜாவில் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டு, அடியில் இருந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பினார். 41. நோட்டைத் திறந்தேன்: முதல் சூளை 785, இரண்டாவது 765, பொன் இல்லை. சாஸர் பத்து நாளில் தயாரானது.